குறைச்ச எடை ஏன் திரும்பி வருது? - கொஞ்சம் நீளமான இழை

1/
"டாக்டர், ரெண்டு மாசத்துல 11 கிலோ குறைச்சேன். இப்போ ஒரு வருஷத்துல 13 கிலோ ஏறிடுச்சு. எனக்கு மன உறுதி இல்ல போல."

இதை கிளினிக்ல அடிக்கடி கேட்கிறேன். ஆளுக்கு ஆள் கிலோ கணக்கு மாறும். "மன உறுதி இல்ல" என்கிற வரி மட்டும் மாறாது. அந்த வரி தப்பு என்று சொல்லத்தான் இந்த இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

உடல் பருமன் ஒரு நாள்பட்ட பிரச்சினை. பிபி, சுகர் மாதிரி. பிபிக்கு ரெண்டு மாசம் மாத்திரை போட்டு, "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்தினா என்ன ஆகும்? திரும்ப ஏறும். அப்போ யாரும் "உனக்கு மன உறுதி இல்ல" என்று திட்டுறதில்லை. எடைக்கு மட்டும் திட்டுறோம்.

எந்தத் திட்டமா இருந்தாலும், "எத்தனை கிலோ குறையும்?" என்று கேட்காதீங்க. "மூணாவது வருஷமும் இதை என்னால செய்ய முடியுமா?" என்று கேளுங்க.

3/
முதல்ல நம்ம ஊர் நிலவரம்.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2.

அதே 2019-21இல் இந்தியா முழுக்கப் பார்த்தா பெண்கள் 24, ஆண்கள் 22.9 சதவீதம்தான். நாம ரொம்ப முன்னாடி போயிட்டு இருக்கோம். பெருமைப்பட முடியாத முன்னேற்றம்.

4/
இப்போ யோசிங்க. அஞ்சாறு வருஷத்துக்குள்ள ஒரு மாநிலத்துல பத்துப் பெண்களில் ஒருத்தர் கூடுதலா இந்தக் கணக்குக்குள்ள வந்திருக்காங்க. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல மன உறுதி கெட்டுப்போச்சா?

இல்லை. மாறினது நம்ம வேலை, தூக்கம், போக்குவரத்து, தட்டில் விழுற சாப்பாடு, தெருமுனைக் கடை, கையில இருக்கிற போன். தனி மனுஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்துறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்கணும்.

5/
"எனக்கு பிஎம்ஐ 24தான் டாக்டர், நான் சேஃப்" என்று சிலர் சொல்வாங்க. கொஞ்சம் நில்லுங்க.

பிஎம்ஐ என்பது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்து வரும் எண். உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு 2009லேயே மருத்துவர்கள் கூடி இந்த எல்லையைக் கீழே இறக்கினாங்க: 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன்.

உங்க உயரம் 160 செ.மீ. என்றால், 59 கிலோவில் முதல் மணி அடிக்கும். 64 கிலோவில் ரெண்டாவது மணி.

6/
ஏன் நமக்கு மட்டும் இப்படி?

2004இல் லான்செட் இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யட்கின் இருவரும் சேர்ந்து நிற்கிற படம். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே அளவு: 22.3. ஆனா உடல் கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவீதம். யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

ஒல்லியான கை கால், முன்னாடி ஒரு தொப்பை. நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்க, எத்தனை யாஜ்னிக் நிற்கிறாங்க என்று தெரியும். எடை மெஷின் இந்தக் கொழுப்பைக் காட்டிக் கொடுக்காது.

7/
அதனால எடை மெஷினை விட ஒரு இஞ்ச் டேப் முக்கியம்.

பேன்ட் போடுற இடத்துல அளக்காதீங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்கணும். மூச்சை இயல்பா வெளியே விட்டதும் அளக்கணும். வயிற்றை எக்கிப் பிடிச்சு நம்மை நாமே ஏமாத்திக்கக் கூடாது.

ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35.5 இஞ்ச்), பெண்களுக்கு 80 செ.மீ. (31.5 இஞ்ச்). இதற்கு மேல் போனா, எடை எவ்வளவு இருந்தாலும் சுகர், பிபி, கொழுப்பு, கல்லீரல் எல்லாம் ஒருமுறை பார்த்துடுங்க.

8/
சரி, தலைப்புக்கு வருவோம். குறைச்ச எடை ஏன் திரும்பி வருது?

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போச்சு.

அவங்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் படிச்சாங்க. எரிச்சல், சோர்வு, குளிர். சாப்பாடு திரும்பக் கிடைச்சதும் பசி அடங்கவே இல்லை. முன்பு இருந்ததை விடக் கூடுதலா கொழுப்பு சேர்ந்தது. இவங்க யாரும் மன உறுதி இல்லாதவங்க இல்லை. தாங்களே முன்வந்து பட்டினி கிடந்தவங்க.

9/
அது பட்டினி, இது டயட் என்பீங்க. 2011இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து ஒரு ஆய்வு. 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு. சராசரியா 13 கிலோவுக்கு மேல் குறைஞ்சது.

பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியது. வயிறு நிறைஞ்சதைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைஞ்சது. ஒரு வருஷம் கழிச்சு அளந்து பார்த்தாங்க. அப்பவும் அவை பழைய நிலைக்குத் திரும்பலை.

அதாவது டயட் முடிஞ்சு ஒரு வருஷம் ஆன பிறகும் உடம்பு "இன்னும் சாப்பிடு" என்று கேட்டுட்டே இருந்திருக்கு.

10/
இன்னொன்னு. அமெரிக்க டிவியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று பிரபலம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சாங்க. 2016இல் வெளியான ஆய்வு.

போட்டியில் சராசரியா 58 கிலோ குறைச்சவங்க. அதில் 41 கிலோ திரும்பி வந்துடுச்சு. ஓய்வில் இருக்கும்போது அவங்க உடம்பு செலவழிச்ச சக்தி, அந்த எடைக்கும் வயசுக்கும் எதிர்பார்க்கிறதை விட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு. ஆறு வருஷம் கழிச்சும்!

பசி கூடுது, செலவு குறையுது. உடம்பு ரெண்டு பக்கமும் கணக்கை இறுக்குது.

11/
உடம்பைக் குறை சொல்லாதீங்க. அது அதன் வேலையைத்தான் செய்யுது.

நீங்க விரும்பி இருக்கிற டயட்டுக்கும் தாது வருஷப் பஞ்சத்துக்கும் (1876-78) உள்ள வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது. உள்ளே வர்றது திடீர்னு பாதியா குறைஞ்சா, அதைப் பொறுத்தவரை ஊர்ல பஞ்சம் வந்துடுச்சு. குதிரில் இருக்கிற நெல்லைக் காப்பாத்தணும். மழை பெய்ஞ்சதும் முதல் வேலையா குதிரை நிரப்பணும்.

எடை திரும்பி வர்றதுக்கு முக்கியக் காரணம் இந்த உடலியல். இதைத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டம் போட்டா ஜெயிக்கலாம். தெரியாம சண்டை போட்டா உடம்புதான் ஜெயிக்கும்.

12/
"30 நாள்ல 10 கிலோ" திட்டங்கள் மேல எனக்குக் கோபம் வர்றதுக்கு இன்னும் மூணு காரணம்.

ஒன்று, குறையுற எடையில் ஏறக்குறைய கால்வாசி கொழுப்பு இல்லாத திசு. அதில் தசையும் அடக்கம். புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமப் பட்டினி கிடந்தா இது இன்னும் மோசம். திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும். நாலு தடவை குறைச்சு ஏத்தினா, அதே 75 கிலோவில் பழைய தசை இருக்காது.

ரெண்டு, வேகமா எடை குறைஞ்சா பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

மூணு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக்கொத்தா கொட்டும். அப்போ ஷாம்புவை மாத்துவாங்க.

13/
"அப்போ எடையைக் குறைக்கவே முடியாதா டாக்டர்?"

முடியும். ஆனா எவ்வளவு குறைக்கணும் என்பதில்தான் நம்ம கணக்கு தப்பா இருக்கு. எல்லாருக்கும் கல்யாணத்தப்போ இருந்த எடை வேணும். மருத்துவத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவு தடுப்பு ஆய்வு. 3,234 பேர், சுகரின் எல்லைக்கோட்டில் நின்றவங்க. வாழ்க்கைமுறையை மாத்தின குழுவுக்குக் கொடுத்த இலக்கு: எடையில் 7 சதவீதம் குறைக்கணும், வாரம் 150 நிமிஷம் நடக்கணும். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைஞ்சது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்ட குழுவில் 31 சதவீதம்தான் குறைஞ்சது.

80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் எவ்வளவு? ஐந்தரை கிலோ. அவ்வளவுதான்!

14/
நம்ம சென்னையில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு. 531 பேர். முடிவு 2006இல் வெளியானது.

வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவங்களில் மூணு வருஷத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. சாப்பாட்டையும் நடையையும் சரிசெஞ்சவங்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: சரிசெஞ்ச குழுவின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. ஆனாலும் நோய் தள்ளிப் போச்சு.

15/
இந்தச் செய்தியைத்தான் நான் தினமும் சொல்ல ஆசைப்படுறேன்.

மூணு மாசமா நடக்கிறீங்க, சீனியைக் குறைச்சிருக்கீங்க, எடை மெஷின் அசையல. "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று விட்டுடறீங்க. உள்ளே சுகர் இறங்கியிருக்கலாம், பிபி இறங்கியிருக்கலாம், வயிற்றுச் சுற்று ஒரு இஞ்ச் குறைஞ்சிருக்கலாம். மெஷினைப் பார்த்துத் தோத்துட்டதா நினைச்சு, ஜெயிச்சுட்டு இருக்கிற ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு வர்றீங்க.

16/
சரி, என்ன செய்யணும்? டயட் சார்ட் தர மாட்டேன். சார்ட் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிவைக்க மட்டும்தான் பயன்படுது. மூணாவது வருஷமும் செய்யக்கூடிய சில விஷயங்களைச் சொல்றேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க. மாசத்துக்கு ஒண்ணு போதும்.

17/
முதல் மாசம்: காபி, டீ.

ஒரு நாளைக்கு மூணு தடவை. ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூன் 5 கிராம் என்று வைங்க. 30 கிராம் ஆச்சு. வருஷத்துக்குக் கணக்குப் போடுங்க: கிட்டத்தட்ட 11 கிலோ சீனி! பாயசம், பிஸ்கட், கூல்டிரிங்க் எல்லாம் தனி.

ஒரே நாள்ல நிறுத்தினா காபியே கசக்கும். ரெண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைங்க. நாக்கு பழகும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாத்தினாலும் கலோரிக் கணக்கு பெருசா மாறாது. அதுவும் சர்க்கரைதான்.

18/
ரெண்டாவது மாசம்: எண்ணெய்.

நாலு பேர் இருக்கிற வீட்டுல மாசம் 5 லிட்டர் எண்ணெய் காலியாகுதா? அப்போ ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 38 கிராம். ஏறக்குறைய 340 கலோரி. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, மரச்செக்கா என்பது வேற பட்டிமன்றம். எதுவா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி.

யாருக்கும் தனிச் சமையல் வேண்டாம். மாச லிஸ்ட்டில் 5 லிட்டரை 3 லிட்டர் ஆக்குங்க. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து வைத்தியம் ஆச்சு.

19/
மூணாவது மாசம்: புரதம்.

2025இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருது. காலை இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. நாலு வேளையும் மாவு, வடிவம் மட்டும் வேற.

சோறு விஷம் இல்லை. நான் சோறு சாப்பிடுறவன்தான். தட்டில் முதல்ல ரெண்டு கரண்டி காய், அப்புறம் முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பயறு, தயிர், பனீர் இதில் ஏதாவது. மிச்ச இடத்துல சோறு. புரதமும் நார்ச்சத்தும் இருந்தா பசி தாங்கும், தசையும் நிற்கும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் உங்க டாக்டரைக் கேட்டுட்டு புரதத்தைக் கூட்டுங்க.

20/
வீட்டுல சமைக்கிற அம்மாக்களுக்குத் தனியா ஒன்று.

பையன் மிச்சம் வெச்ச ரெண்டு வாய், சட்டியில் ஒட்டின கடைசிக் கரண்டி, "வீணாப் போகுமே" என்று நின்னுக்கிட்டே சாப்பிடுறது. உங்க தட்டுக்கு இது கணக்கே வராது. ஆனா உடம்புக்கு வரும்.

எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு ராத்திரி பத்தரைக்கு சாப்பிட உட்காராதீங்க. பிள்ளைகளோடு சேர்ந்து எட்டு மணிக்குச் சாப்பிடுங்க. வீட்டுல இருக்கிற ஆம்பளைங்க, பாத்திரத்தை எடுத்து வையுங்க சார். அதுவும் அவங்க வைத்தியத்தில் சேர்த்தி.

21/
நடை.

வாரம் 150 நிமிஷம். ஒரு நாளைக்கு 30 நிமிஷம், அஞ்சு நாள். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் (2023) மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைச்சிருக்காங்க. பக்கத்துல இருந்தா பயன்படுத்துங்க. இல்லையா, மொட்டை மாடி போதும்.

ஒரு உண்மை: நடையால் மட்டும் பெருசா எடை குறையாது. குறைஞ்ச எடையைக் காப்பாத்துறதில்தான் நடையின் பலன் அதிகம். நடந்து முடிச்சு கடையில் வடை சாப்பிட்டா, ரெண்டும் இல்லை.

22/
நடையோடு சேர்த்து தசைக்கும் வேலை கொடுங்க. வாரம் ரெண்டு நாள். ஜிம் கட்டாயம் இல்லை. நாற்காலியில் கையை ஊணாம உட்கார்ந்து எழுங்க, 10 தடவை. சுவரில் கை வெச்சுத் தள்ளுங்க, 10 தடவை. தண்ணி நிரப்பின பாட்டிலைத் தூக்குங்க. ரெண்டு சுற்று.

"65 வயசுல எதுக்கு டாக்டர்?" அந்த வயசுலதான் ரொம்ப அவசியம். பாத்ரூமில் வழுக்கும்போது உங்களைத் தாங்கப் போறது தொடைத் தசை. மூட்டு வலி, இதயப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

23/
தூக்கம்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்துட்டு காலைல ஆறுக்கு எழுந்தா, மறுநாள் பசி கூடும். அதுவும் இனிப்பு, பொரிச்சது மேலதான் கை போகும். எனக்குத் தெரிஞ்ச மலிவான வைத்தியம், ராத்திரி போனை வேற ரூம்ல சார்ஜ் போடுறது.

சத்தமா குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்னு திடுக்குனு எழுந்திருக்கிறது, பகல்ல வண்டி ஓட்டும்போது கண் சொக்குறது இருந்தா, கிண்டல் பண்ணாதீங்க. தூக்கத்தில் மூச்சுத்தடை நோயா என்று பரிசோதிக்கணும்.

24/
குறைச்ச எடையைக் காப்பாத்தினவங்க என்னதான் செஞ்சாங்க?

அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினாங்க. குறைஞ்சது 13.6 கிலோ குறைச்சு, ஒரு வருஷமாவது காப்பாத்தினவங்க மட்டும் சேரலாம். அவங்க எல்லாரும் ஒரே டயட் எடுத்தவங்க இல்லை. ஆனா பழக்கங்கள் ஒத்துப்போச்சு. பெரும்பாலானவங்க தினமும் ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை அசைச்சாங்க. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கலை. டிவி குறைவு. முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்த்தாங்க.

எந்த டயட்டில் குறைச்சோம் என்பதை விட, அப்புறம் எப்படி வாழ்ந்தோம் என்பதுதான் விஷயம். பேலியோவா, விரதமா, சிறுதானியமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லாததுக்குக் காரணம் இதுதான்.

25/
அதிலிருந்து நம்ம வீட்டுக்கு ஒரு பழக்கம்.

வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை, வெறும் வயிற்றில் எடை. மாசம் ஒருமுறை டேப். தினசரி காலண்டர் தாளின் பின்னாடி எழுதினாலும் சரி.

எடை ரெண்டு கிலோ ஏறினா, அதுதான் வேலி. அங்கேயே நில்லுங்க. தீபாவளிப் பலகாரம், கல்யாண சீசன், ஆடிக் கூழ், பிரியாணி எல்லாம் வரும், சாப்பிடுங்க. அடுத்த ரெண்டு வாரம் பழைய ஒழுங்குக்குத் திரும்புங்க. ரெண்டு கிலோவைச் சரிசெய்றது சுலபம். 12 கிலோ ஏறின பிறகு கண்ணாடியைப் பார்த்து அழுறதில் அர்த்தம் இல்லை.

(தினமும் மெஷின் ஏறி மனசு உடைஞ்சு போறவங்க, சாப்பாடு விஷயத்தில் மனப் போராட்டம் இருக்கிறவங்க, மெஷினை விட்டுடுங்க. டேப் போதும்.)

26/
மருத்துவக் காரணங்களையும் பார்க்கணும்.

ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், வலிப்புக்கான சில மாத்திரைகள், சில சுகர் மாத்திரைகள், இன்சுலின் இவை எடையைக் கூட்டலாம். நீங்களா நிறுத்தாதீங்க! டாக்டர்கிட்ட "இதனால எடை ஏறுதா, மாற்று உண்டா?" என்று கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

தைராய்டு குறைஞ்சா எடை கூடும், ஆனா பெரும்பாலும் சில கிலோதான். 25 கிலோவுக்கு தைராய்டு மேல பழி போட முடியாது. மாதவிடாய் தள்ளிப்போகுது, முகத்தில் முடி வளருது என்றால் பிசிஓஎஸ் இருக்கா என்று பார்க்கணும்.

27/
இப்போ எல்லாரும் கேட்கிற ஊசி.

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. செமக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் எடை குறைஞ்சது. டிர்செபடைடு அதிக டோஸில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். நல்ல மருந்துகள்தான். தேவைப்படுறவங்க போட்டா அது குறுக்கு வழி இல்லை, வைத்தியம். பிபிக்கு மாத்திரை போடுறவரை யாரும் ஏமாத்துக்காரர் என்று சொல்றதில்லையே.

28/
ஆனா இதையும் கேளுங்க. செமக்ளூடைடை நிறுத்தினவங்களைத் தொடர்ந்து பார்த்தப்போ, ஒரு வருஷத்தில் குறைஞ்ச எடையில் மூணில் ரெண்டு பங்கு திரும்பி வந்தது. கதை அதேதான். ஊசி இருக்கிற வரைக்கும் பசி அடங்கும். நிறுத்தினா உடம்பு பழைய கணக்கைத் தூக்கிட்டு வரும்.

அதனால "மூணு மாசக் கோர்ஸ்" என்று யாராவது விற்றா வாங்காதீங்க. ஆரம்பிக்கும்போதே கேளுங்க: எத்தனை காலம்? மாசம் எவ்வளவு செலவு? தசை போகாம என்ன செய்யணும்? கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கணைய அழற்சி வந்தவங்க, குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகை தைராய்டு புற்றுநோய் (மெடுல்லரி) இருக்கிறவங்க கட்டாயம் டாக்டரிடம் சொல்லணும். தெரிஞ்சவர் போட்டார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்குற பொருள் இல்லை இது.

29/
பிஎம்ஐ 35க்கு மேல் இருந்தா, அல்லது 30ஐத் தாண்டி சுகர், பிபி போன்ற தொந்தரவுகளும் சேர்ந்திருந்தா, அறுவை சிகிச்சையும் ஒரு வழி. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இந்த எல்லையை இன்னும் கீழேயே பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டுதல் இருக்கு. "வயித்தை வெட்டிக்கிட்டாங்க" என்று பேசாதீங்க. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செஞ்சா உயிர் காக்கும் சிகிச்சை. அதற்குப் பிறகும் புரதம், சத்து மாத்திரை, தொடர் பரிசோதனை ஆயுசு முழுக்க உண்டு.

30/
மருத்துவத் துறைக்கும் அரசுக்கும் என் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. அருமையான வேலை. அந்தப் பையில் ஒரு இஞ்ச் டேப்பும் முறையா பயன்படணும். 35 இஞ்ச் தாண்டின 28 வயசுப் பையனை நாம் இன்றைக்கே கண்டுபிடிச்சா, 40 வயசில் அவனுக்கு மாத்திரை கொண்டுபோக வேண்டிய அவசியம் வராமப் போகலாம். டாக்டர்களும் "வெயிட்டைக் குறைங்க" என்று ஒரு வரி எழுதி அனுப்பாம, எப்படி என்று அஞ்சு நிமிஷம் பேசணும். அந்த ஒரு வரியால யாருக்கும் எடை குறைஞ்சதில்லை.

31/
கடைசியா, வீட்டுல இருக்கிறவங்களுக்கு.

"குண்டு", "பூசணிக்கா", "இப்படியே இருந்தா எவன் கட்டிக்குவான்?" இதெல்லாம் அக்கறை இல்லை. இப்படிக் கேட்டு வளர்ந்த பொண்ணு ஒளிஞ்சு சாப்பிடுவா, நடக்க வெளியே வரக் கூச்சப்படுவா, டாக்டர்கிட்ட போகவும் தள்ளிப்போடுவா. கடைசியில் வரும்போது சுகர் 300 இருக்கும். அவமானப்படுத்தி யாருக்கும் எடை குறைஞ்சதில்லை. கூட்டத்தான் செஞ்சிருக்கு.

உண்மையிலேயே அக்கறை இருந்தா, சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு, "வா, கூட நடக்கலாம்" என்று கூப்பிடுங்க.

32/
சுருக்கமா:

- டேப் எடுத்து வயிற்றை அளங்க. ஆண் 90, பெண் 80.
- இலக்கு 5 முதல் 7 சதவீதம். ஆறு மாசம் எடுத்துக்கோங்க.
- சீனி, எண்ணெய், புரதம், நடை, தசை, தூக்கம். மாசத்துக்கு ஒண்ணு.
- ரெண்டு கிலோ ஏறினா அங்கேயே திரும்புங்க.
- இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம விரதமோ திடீர் டயட்டோ வேண்டாம். சுகர் தாழ்ந்து மயக்கம் வரும்.
- திரும்ப ஏறிடுச்சா? உங்களைத் திட்டிக்காதீங்க. பிபி ஏறினா என்ன செய்வோமோ அதையே செய்யுங்க. என்ன மாறுச்சு என்று பார்த்து, வைத்தியத்தைச் சரிசெஞ்சு, தொடருங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை தையல் பெட்டியில் இருக்கிற டேப்பைத் தேடி எடுங்க. உங்களை அளந்த பிறகு, வீட்டுல இருக்கிற எல்லாரையும் அளந்துடுங்க.